சொந்தமாக நாவல் எழுதி வெளியிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் நாவல் ஈரோட்டை ஒட்டிய பள்ளிபாளையத்து விசைத்தறிப் பட்டறைகளில் நடக்கிறது. காலம் 2012இன் மின்வெட்டு. எழுதியதும் நான், வெளியிட்டதும் நான். இடையில் பதிப்பகம் எதுவும் இல்லை. படித்தவர்களும், நாமும் இப்படிச் செய்யலாமா என்று யோசிப்பவர்களும் கேட்பதில் பாதிக்கு மேல் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு இங்கே விரிவாகவே எழுதிவைக்கிறேன். ரூபாய்க் கணக்குகள் எல்லாம் தோராயம். ஊருக்கு ஊர், அச்சகத்துக்கு அச்சகம் மாறும்.

ஏன் பதிப்பகத்துக்குக் கொடுக்கவில்லை?

கோபித்துக்கொண்டு வெளியே வந்த கதை எதுவும் இல்லை. நல்ல பதிப்பகம் எடுத்துக்கொண்டால் அதுவே மேல் என்றுதான் இப்போதும் சொல்வேன். அவர்களுக்குக் கடைத் தொடர்பு இருக்கிறது, புத்தகக் கண்காட்சியில் அரங்கு இருக்கிறது, பதிப்பகத்தின் பெயரைப் பார்த்தே வாங்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் புதியவரின் கைப்பிரதி அங்கே வரிசையில் நிற்க வேண்டும். இந்த ஜனவரிக் கண்காட்சிக்குள் வரவில்லை என்றால் அடுத்த ஜனவரி என்பார்கள். அந்தக் காத்திருப்பு எனக்கு ஒத்துவரவில்லை. வட்டார வழக்கிலும் அட்டையிலும் முடிவு என்னுடையதாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் இருந்தது.

தமிழில் இது புதிதும் அல்ல. பாரதி 1920இல் தன் எழுத்துகளை 40 நூல்களாக, நூலுக்கு 10,000 பிரதி வீதம் அச்சிடத் திட்டம் போட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக விற்கும் என்று நம்பினார். பணம் சேரவில்லை. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா, தான் நடத்திய ‘எழுத்து’ இதழின் வெளியீடுகளைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். கடைசிக் காலத்தில் ‘சுதந்திர தாகம்’ நாவலையும் தானே வெளியிட்டார். அவர் மறைந்த பிறகு 2001இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. யாராவது உங்களிடம் “காசு கொடுத்துப் போட்ட புத்தகம்தானே” என்று முகம் சுளித்தால் செல்லப்பாவைச் சொல்லுங்கள். நீங்களே உங்களிடம் “நல்ல நாவல், தானாக விற்றுவிடும்” என்று சொல்லிக்கொண்டால் பாரதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது எழுதுகிறீர்கள்? வேலைக்கும் போகிறீர்களே?

விடிகாலையில், வீடு எழுவதற்கு முன். முடியாத நாளில் பேருந்தில், செல்பேசியில். நாளுக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு வைத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒரு நாள்கூடக் கோப்பைத் திறக்காமல் விடுவதில்லை. நாலு வரி திருத்தினாலும் போதும். ஒரு வாரம் தொடாமல் விட்டால் பாத்திரங்களின் குரல் காதிலிருந்து போய்விடுகிறது. திரும்பப் பிடிக்க முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

முழுக்கதையையும் முன்பே முடிவு செய்துவிட்டு எழுதுவீர்களா?

இல்லை. ஆனால் ஒரு பொருளை மட்டும் முன்பே தயார் செய்தேன்: மாத வாரியான கால அட்டவணை. 2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லாத காலம் இருந்தது. தறி ஓடினால்தான் கூலி என்கிற ஊரில், எந்த மாதம் எத்தனை மணி நேரம் கரண்டு இருந்தது என்பதே கதையை நகர்த்துகிற விசை. அதனால் மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து பழைய நாளிதழ்களைப் புரட்டி, ஆடிப்பெருக்கு என்றைக்கு, தீபாவளி என்றைக்கு, மின்வெட்டு நேரம் எப்போது கூடியது என்று ஒரு நோட்டில் எழுதினேன். கதைமாந்தர்களின் வயதையும் அதே நோட்டில். முதல் அத்தியாயத்தில் நாலாம் வகுப்புப் படிக்கும் பையன் அடுத்த வருடம் ஏழாம் வகுப்புக்குப் போய்விடக் கூடாது அல்லவா? வாசகர்கள் இதையெல்லாம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மற்றபடி முடிவு என்ன என்று எனக்கே தெரியாது. முன்பணம் வாங்கிய தறிக்காரர் ஒருவர், அந்தக் கடன் தீராமல் பட்டறை மாறவும் முடியாமல் நிற்கிறார் என்ற இடத்தில் தொடங்கினேன். அவர் மனைவி தார் போடுகிறாள், அதாவது தறிக்கான நூலைக் குழலில் சுற்றுகிறாள். நாவல் பாதியில் அவள் கைக்குப் போய்விட்டது. முன்பே திட்டம் போட்டிருந்தால் அதை விட்டிருக்க மாட்டேன்.

இன்னும் பழைய காலத்தை எழுதுகிறவர்களுக்கு ஒரு தகவல். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் நிறைய. வீட்டிலிருந்தபடியே என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, இலவசம்.

கொங்குப் பேச்சு மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியுமா? சொற்பட்டியல் ஏன் இல்லை?

பின்னால் பட்டியல் இருந்தால் வாசகர் ஒவ்வொரு முறையும் புரட்டிப் பார்ப்பார், கதை அறுந்துபோகும். ஒருத்தி “அக்கட்டால போ” என்று சொல்லி நாயை விரட்டினால் பொருள் அங்கேயே இருக்கிறது. பாவு, ஊடை, நாடா மாதிரித் தொழில் சொற்கள் முதல்முறை வரும்போது யாராவது கையில் அந்தப் பொருளைப் பிடித்து ஏதோ செய்துகொண்டிருக்கும்படி பார்த்துக்கொண்டேன். உரையாடல் வழக்கில், கதைசொல்லல் எழுத்துத் தமிழில் என்பது நான் வைத்துக்கொண்ட விதி. நீங்கள் வேறு மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஆள் ஒரு பக்கத்தில் “போகோணும்” என்றும் அடுத்த பக்கத்தில் “போகணும்” என்றும் பேசினால் அதற்குக் கதையில் காரணம் இருக்க வேண்டும்.

எதில் தட்டச்சு செய்கிறீர்கள்?

தமிழ்99 விசைப்பலகை, யூனிகோடு எழுத்துரு. செல்பேசியில் சொல்லச் சொல்லத் தட்டச்சாகும் வசதியையும் பயன்படுத்துகிறேன். அது உரையாடலுக்கு நன்றாக வருகிறது, வட்டார வழக்கைத்தான் தானாகவே ‘திருத்தி’ வைத்துவிடுகிறது.

பழைய எழுத்துருவில் பல வருடமாக எழுதி வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். பாமினி, வானவில், டேப் எதுவாக இருந்தாலும் யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு மேற்கோள்குறிகளைத் தேடிப் பாருங்கள். அவை இருந்த இடத்தில் சம்பந்தமில்லாத எழுத்து உட்கார்ந்திருக்கும். இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அது புரியாத தமிழாகியிருக்கும். வரி வரியாகப் படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எடிட்டர் அவசியமா? நண்பர்கள் படித்துச் சொன்னால் போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். என் செலவில் ஒரே ஒரு இனத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அட்டையை விட்டுவிடுவேன், எடிட்டரை விட மாட்டேன்.

நண்பர்கள் வேண்டும். ஆனால் அவர்கள் “அருமை” என்பார்கள், அல்லது படிக்காமல் நாள் கடத்துவார்கள். அவர்களிடம் “எப்படி இருக்கிறது” என்று கேட்காதீர்கள். “எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்” என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே ஏதோ தொய்கிறது. அது போதும் அவர்களிடமிருந்து.

எடிட்டரின் வேலை வேறு. ஒரு இடத்தைக் காட்டினால் விளங்கும். நான் கொடுத்தது இது:

“காலைச் சூரியன் தன் கதிர்களைப் பரப்பத் தொடங்கியிருந்த அந்த வேளையில் திடீரென மின்சாரம் தடைப்பட்டதால் தறிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் நின்றுபோக, அங்கு நிலவிய அமைதி அவளை ஏதோ செய்தது.”

அவர் ஓரத்தில் எழுதிய குறிப்பு: “தறிச் சத்தம் நின்றால் முதலில் என்ன கேட்கும்?” வேறு ஒன்றும் எழுதவில்லை. நான் பள்ளிபாளையத்துக்குப் போய், ஒரு பட்டறை வாசலில் கரண்டு போகும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதியது:

“கரண்டு போனது. தறி நின்றதும் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவது கேட்டது. எவ்வளவு நேரமாக அழுகிறதோ.”

நாவலில் பலர் எடுத்துச் சொல்லும் இடம் இதுதான். நல்ல எடிட்டர் உங்கள் வாக்கியத்தை மாற்றி எழுதித் தருவதில்லை, உங்களையே மறுபடியும் அந்த இடத்துக்கு அனுப்பிவைப்பார். அந்தக் குழந்தை பின்னால் இரண்டு அத்தியாயங்களில் வருகிறது. முதல் வரைவில் அது இல்லவே இல்லை.

எங்கே கிடைப்பார் என்று கேட்பீர்கள். நீங்கள் ரசித்த சமகால நாவல்களின் நன்றியுரையைப் படியுங்கள். பெயர் அங்கேதான் இருக்கும். முதலில் ஒரு அத்தியாயத்தை மட்டும் கொடுத்து, அதற்குரிய தொகையைக் கொடுத்து, இருவருக்கும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். “புத்தகம் விற்ற பிறகு தருகிறேன்” என்ற பேச்சு வேண்டாம்.

எடிட்டரே பிழையும் திருத்திவிடுவாரா?

இல்லை, அது வேறு கண். கதையில் மூழ்கியவருக்கு ஒற்றுப்பிழை தெரியாது. நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய வாணி என்ற மென்பொருள் எழுத்துப்பிழைகளையும், நாவி என்பது சந்திப்பிழைகளையும் சுட்டிக்காட்டும். இரண்டும் இணையத்தில் இலவசம். முதலில் அவற்றில் ஓட்டிவிட்டு, அப்புறம் மனிதரிடம் கொடுங்கள். மென்பொருள் ‘மனம்’, ‘மணம்’ இரண்டையும் சரி என்றுதான் சொல்லும். எது அந்த இடத்துக்குரியது என்பது படிப்பவருக்கே தெரியும். கடைசிப் படியைத் தாளில் அச்செடுத்துப் படியுங்கள். திரையில் தப்பியது தாளில் அகப்படும்.

பக்க வடிவமைப்பை நானே செய்யலாமா?

செய்யலாம். நாவலுக்குப் படம், அட்டவணை இல்லை என்பதால் சிக்கல் குறைவு. டெம்மி 1/8 என்ற வழக்கமான புத்தக அளவில் பக்கத்துக்கு 230 முதல் 250 சொல் வரை வைத்தால் கண்ணுக்குச் சுகம். 50,000 சொல் நாவல் 208 பக்கத்தில் அடங்கும். ஏன் 208 என்றால், ஆஃப்செட்டில் (தகடு செய்து மொத்தமாக அடிக்கும் முறை) ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம், 13 ஃபாரம் 208. நாவல் 211 பக்கம் வந்தால் மூன்று பக்கத்தைக் குறைக்க வடிவமைப்பாளர் எழுத்தைச் சுருக்குவார். அதற்கு முன் நீங்களே அத்தியாய முடிவுகளில் ஓரிரண்டு வரியில் தொங்கும் பக்கங்களைப் பாருங்கள், வெட்ட இடம் கிடைக்கும்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் யூனிகோடு தமிழை அப்படியே ஒட்டினால் சிலருக்குக் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கும். பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இன்னும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் வேலை செய்யும் டி.டி.பி.காரர்கள் இருக்கிறார்கள். வேகமானவர்கள், திறமைசாலிகள். ஆனால் அவர்கள் உங்கள் கோப்பைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் வேலை செய்வார்கள். திருத்தங்கள் எல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கும். மின்னூலுக்கு மறுபடியும் யூனிகோடாக மாற்றி மறுபடியும் மெய்ப்பு (பிழைதிருத்தம்) பார்க்க வேண்டும். இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

அட்டை?

நல்ல வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். அவருக்கு நாவலைப் படிக்க நேரம் இருக்காது. மூன்று பக்கங்களைத் தேர்ந்து கொடுங்கள். அட்டைப் படத்தைச் செல்பேசியில் கட்டைவிரல் நக அளவில் பாருங்கள், தலைப்பு படிக்க முடிகிறதா என்று. இப்போது பெரும்பாலானோர் புத்தகத்தை முதலில் பார்ப்பது அந்த அளவில்தான். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போடாதீர்கள், எடுத்தவருக்கு உரிமை இருக்கிறது. முதுகின் அகலம் தாளைப் பொறுத்து மாறும் என்பதால், தாள் முடிவான பிறகே முழு அட்டையை முடிக்க முடியும்.

ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) எங்கே வாங்குவது? எவ்வளவு செலவாகும்?

ஒரு ரூபாய்கூட ஆகாது. இந்தியாவில் அதை வழங்குவது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. இணையத்தில், சொந்தமாக வெளியிடும் எழுத்தாளர் என்றே பதிவு செய்து விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புத்தகத்தின் தலைப்புப் பக்கம் போன்றவை கேட்பார்கள். 978இல் தொடங்கும் 13 இலக்க எண் வரும். சில வாரம் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள், விழா நாளைக் குறித்துவிட்டு ஓடாதீர்கள். இதற்குப் பணம் கேட்பவர் வெறும் விண்ணப்ப வேலைக்குக் கேட்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் மட்டும் போடுவதென்றால் இது கட்டாயம் இல்லை.

காப்புரிமையைப் பதிவு செய்யாவிட்டால் யாராவது திருடிவிடுவார்களா?

எழுதிய கணமே உரிமை உங்களுடையது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் ஆயுள் முழுதும், அதன் பிறகு 60 ஆண்டும். பதிவு கட்டாயமில்லை. செய்தால் வழக்கு என்று வரும்போது சான்றாக உதவும். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். திருட்டுப் பயத்தால் நண்பர்களிடம்கூடக் கைப்பிரதியைக் காட்டாமல் வைத்திருப்பவர்களுக்கு: புதிய நாவலாசிரியருக்கு உள்ள பெரிய ஆபத்து யாரும் படிக்காமல் போவது. திருட்டெல்லாம் ரொம்பப் பின்னால்தான்.

வெளியிட்டதும் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் செய்வதில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி. வெளியிடுபவர் நீங்கள் என்பதால் அந்தக் கடமையும் உங்களுடையது. தபால் செலவைப் பார்த்துத் தயங்காதீர்கள். நீங்களும் நானும் போன பிறகும் புத்தகம் இருக்கப்போகிற இடங்கள் அவை.

எத்தனை பிரதி அச்சடிக்கலாம்?

100. டிஜிட்டலில் அதற்கும் குறைவாகக்கூட அடித்துத் தருகிறார்கள். ஆஃப்செட்டில் 500, 1,000 என்று போனால் ஒரு பிரதியின் அடக்கவிலை நன்றாகக் குறையும். அந்தக் கணக்கைக் காட்டித்தான் எல்லோரையும் இழுக்கிறார்கள். மிச்சம் 800 பிரதி கட்டிலுக்கு அடியில் கிடக்கும்போது அடக்கவிலை குறைந்ததில் என்ன லாபம்? மழைக்காலத்தில் ஈரம் ஏறித் தாள் நெளியும், கரையானும் வரும். 100 தீர்ந்ததும் மறுபடி 100 அடியுங்கள். இடையில் கண்ணில் பட்ட பிழைகளையும் திருத்திவிடலாம்.

தாளின் கனம் 70 ஜி.எஸ்.எம். போதும், வெளிர் மஞ்சள் சாயல் இருந்தால் நாவலுக்கு நல்லது. முழுக்க அடிக்கும் முன் ஒரே ஒரு மாதிரிப் பிரதி கேட்டு வாங்கி, நடுப்பக்கத்தை நன்றாக விரித்து அழுத்திப் பாருங்கள். ஒட்டு விட்டால் அங்கே விடும்.

விலை எப்படி வைப்பது? லாபம் கிடைக்குமா?

என் கணக்கைப் பிரித்தே சொல்கிறேன். 208 பக்கம், விலை 260 ரூபாய். 100 பிரதி டிஜிட்டலில் அடித்தால் ஒன்றுக்கு 120 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். கடைக்காரருக்கு 40 சதவீதம் கழிவு போனால் கைக்கு வருவது 156. அச்சுச் செலவு போக 36. கடைக்கு அனுப்பும் பார்சல் இன்னும் கழிக்கவில்லை. அதே பிரதியை நானே வாசகருக்கு 10 சதவீதம் தள்ளி 234க்குக் கொடுத்து, தபாலுக்கும் உறைக்கும் 30 ரூபாய் நானே போட்டால் 84 நிற்கும்.

எடிட்டர், மெய்ப்பு, வடிவமைப்பு, அட்டை என்று ஒருமுறைச் செலவு 25,000 என்று கொண்டால், நேரில் விற்றால் ஏறக்குறைய 300 பிரதியில் போட்ட பணம் திரும்பும். கடை வழியாக மட்டும் என்றால் 700 பிரதி தாண்ட வேண்டும். பதிப்பகம் என்றால் உரிமத்தொகை (ராயல்டி) பொதுவாக 10 சதவீதம், அதாவது பிரதிக்கு 26 ரூபாய். ஆனால் உங்கள் கையிலிருந்து ஒன்றும் போயிருக்காது. என் உழைப்புக்குக் கூலி இதில் எங்குமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தறிக்காரர் கூலியைப் பற்றி நாவல் எழுதிவிட்டு இப்படி ஒரு கணக்கைப் போடுகிறேனே என்று எனக்கே சிரிப்பு வரும்.

அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. நூல் உரிமத்தொகைக்குப் பழைய வரிமுறையில் 3 லட்சம் வரை கழிவு உண்டு. நானே விற்ற பணம் உரிமத்தொகை ஆகுமா, வியாபார வருமானமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கடைகளில் ஏன் கிடைப்பதில்லை?

மேலே உள்ள கணக்குதான் காரணம். பெரும்பாலான கடைகள் விற்ற பிறகு பணம் என்ற முறையில்தான் எடுக்கும். பத்துக் கடையில் ஐந்தைந்து பிரதி கொடுத்தால், அந்த ஐம்பது எங்கே எத்தனை இருக்கிறது, யாரிடம் எவ்வளவு வர வேண்டும் என்று துரத்துவதற்கு ஒரு ஆள் வேண்டும். பதிப்பகத்தில் அதற்கென்றே ஒருவர் இருக்கிறார். எழுதுவது ஒரு வேலை என்றால் பதிப்பாளராக இருப்பது முழுசாக இன்னொரு வேலை. அதில் அச்சடிப்பதுதான் மிகச் சுலபமான பகுதி. வசூல் கேட்க வெட்கப்படுகிறவர்கள் இதில் இறங்க வேண்டாம். நான் என் ஊர்ப்பக்கம் இரண்டு மூன்று கடைகளோடு நிறுத்திக்கொண்டேன். மற்றதெல்லாம் நேராகத் தபாலில்.

தபால் பற்றி: அஞ்சல்துறை 2025 மே முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற பெயரில் புத்தகங்களுக்குத் தனிக் கட்டணம் கொண்டுவந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. தரைவழியில் போவதால் மெதுவாகத்தான் சேரும். எந்தப் புத்தகத்தை அதில் ஏற்பார்கள் என்பதற்கு நிபந்தனை உண்டு, உங்கள் அஞ்சலகத்தில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

சென்னைப் புத்தகக் கண்காட்சியில் அரங்கு எடுக்கலாமா?

புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977 முதல் நடத்தும் கண்காட்சி அது. ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு அரங்கு எடுப்பது நடைமுறையில் கட்டுப்படியாகாது. தெரிந்த சிறு பதிப்பகத்தின் அரங்கில் சில பிரதிகளை விற்பனைக்கு வைக்கச் சொல்லுங்கள், கழிவு கொடுத்துத்தான். வைத்துவிட்டு வராமல் இருந்துவிடாதீர்கள். பொங்கல் விடுமுறை நாட்களில் ஒரு மாலை நீங்களே அங்கே நின்றால் கூடுதலாக நாலு பிரதி போகும்.

என் அனுபவத்தில் சென்னையைவிட ஈரோடுதான் நன்றாக விற்றது. ஆகஸ்டில் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் புத்தகத் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பட்டறை வைத்திருக்கும் ஒருவர் பின்னட்டையைப் படித்துவிட்டு, “முன்பணம் கொடுத்து ஏமாந்தவங்க கதையும் இருக்குதுங்களா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இரண்டு பிரதி வாங்கிப்போனார். கதை நடக்கிற ஊருக்குப் பக்கத்தில் எது நடக்கிறதோ அங்கே போங்கள். இப்போது மாவட்டம்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது.

கிண்டிலில் மட்டும் போட்டால் போதாதா?

செலவே இல்லை என்பதால் தாராளமாகப் போடலாம். 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளுக்குக் கிண்டில் கதவு திறந்தது. அதன் பிறகுதான் தமிழில் தனியாக வெளியிடுபவர் கூட்டம் பெருகியது. தெரிந்துகொள்ள வேண்டியவை சில. இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமத்தொகை வேண்டுமென்றால் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் 35தான். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறு எங்கும், உங்கள் சொந்தத் தளத்தில்கூட, வைக்கக் கூடாது. சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களுக்கும் பணம் வரும். மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து வங்கியில் சேரும். தமிழில் அச்சுப் பிரதி வசதி அங்கே இல்லை, மின்னூல் மட்டும்தான்.

விறுவிறுப்பான தொடர்கதை, குடும்ப நாவல், துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்குக் கிண்டிலும் பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளமும் நல்ல இடம். என்னுடையது மெதுவாக நகரும் கதை; அங்கே அது ஓடவில்லை. அச்சில்தான் போனது. காசே வேண்டாம், படித்தால் போதும் என்றால் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் 2013 முதல் எவரும் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மின்னூல்களை இலவசமாக வெளியிடுகிறது.

நூலக ஆணை (அரசுப் பொது நூலகங்களுக்கு நூல் வாங்கும் ஆணை) கிடைத்ததா?

விண்ணப்பித்திருக்கிறேன். 2024இல் வெளிப்படைக் கொள்முதல் கொள்கை வந்த பிறகு எல்லாம் இணையம் வழிதான். வாங்கும் விலை உங்கள் அட்டையில் போட்ட விலை அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆணையை நம்பி 1,000 பிரதி அடித்து வைக்காதீர்கள்.

ஒரு பதிப்பகம் 60,000 ரூபாய் கொடுத்தால் வெளியிடுகிறேன் என்கிறது. கொடுக்கலாமா?

எதற்கு என்று எழுதிக் கேளுங்கள். எத்தனை பிரதி, அவற்றில் உங்கள் கைக்கு எத்தனை, எடிட் செய்பவர் யார், எந்தக் கடைகளுக்குப் போகும். பிரதி எண்ணிக்கைக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மேலே சொன்ன செலவுகளைக் கூட்டிப் பார்த்தால் நீங்களே செய்ய என்ன ஆகும் என்று தெரிந்துவிடும். மிச்சம்தான் அவர்களின் சேவைக்கு. அந்தச் சேவை என்ன என்பதே கேள்வி.

ஒப்பந்தத்தில் காலவரையறை இருக்கிறதா என்று பாருங்கள். எழுதாமல் விட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். திரைப்பட உரிமை, மொழிபெயர்ப்பு, ஒலிநூல் எல்லாவற்றையும் ஒரே வரியில் ‘அனைத்து உரிமைகளும்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, எவை என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

வெளியீட்டு விழா நடத்தினீர்களா?

இல்லை. மண்டபம், மாலை, டீ, வந்த பேச்சாளருக்குப் பயணச்செலவு எல்லாம் சேர்ந்து எடிட்டரின் சம்பளத்தைத் தொட்டுவிடும். பட்டறை வீதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேரோடு உட்கார்ந்து ஒரு அத்தியாயம் வாசித்தேன், அவ்வளவுதான். ஒரு அம்மா, “தார் இப்படிச் சுத்த மாட்டாங்க தம்பி” என்று கையைச் சுழற்றிக் காட்டினார். இரண்டாம் அச்சில் அந்த வரி அவர் காட்டியபடி இருக்கிறது.

ஏ.ஐ. வைத்து எழுதலாமா?

நான் எழுத வைப்பதில்லை. கால அட்டவணையில் முரண் இருக்கிறதா என்று தேட வைத்திருக்கிறேன். கிண்டிலில் ஏற்றும்போது ஏ.ஐ. உருவாக்கிய பகுதி இருக்கிறதா என்று கேட்கிறார்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

சார், என் நாவலைப் படித்துச் சொல்வீர்களா?

முதல் இருபது பக்கம் அனுப்புங்கள். யூனிகோடில், வேர்டு கோப்பாக, பி.டி.எஃப். வேண்டாம், ஓரத்தில் குறிப்பு எழுத வசதியில்லை. அனுப்பும் முன் ஒருமுறை சத்தமாக வாசித்துவிடுங்கள். பதில் தாமதமாகும், ஆனால் வரும். இருபதாம் பக்கத்துக்கு முன்பே நான் நிறுத்திவிட்டால் எந்த வரியில் நிறுத்தினேன் என்பதை மட்டும் எழுதுவேன். முழு நாவலையும் தூதஞ்சலில் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே என் பிரதிகளுக்கே இடம் இல்லை.